வாசலில் கட்டிய வேப்பிலை

உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மறுநாள் என் வீட்டுக்காரரை டீக்கடை வாசலில் வைத்து அடித்தார்கள். அவர் ஓட்டுக் கேட்ட கட்சிக்கு எதிர்க்கட்சிக்காரர்கள். எங்கள் ஊர்க்காரர்கள்தான். பைக்கில் வந்தார்கள். பத்தாவது படிக்கிற என் மகள் பள்ளி விட்டு வரும்போது பார்த்துவிட்டாள். அப்பா கை ஒடிந்த சத்தம் கேட்டது என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஊரில் பேசி, கேஸ் வேண்டாம் என்று முடித்தார்கள். அவர் கையும் கூடிவிட்டது. மகள்தான் சரியாகவில்லை. தெருவில் பைக் நின்றால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பள்ளிக்குப் போகவில்லை. முடியைப் பிய்த்துப் பிய்த்து நெற்றிப் பக்கம் சொட்டை விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் டீச்சர் போனில் சொன்னார். சரி என்றேன். கூட்டிப்போகவில்லை. பைத்தியம் என்று தெரு பேசும். பிறகு எவன் கட்டுவான்?

அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாசலில் வேப்பிலை கட்டினேன். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் ஆள் வராது, கேள்வியும் வராது. போகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே நின்று பார்த்தேன். உடம்பு கூசியது.

அம்மை வீட்டில் தாளிக்கக்கூடாது. ஒரு நாள் மறந்து ரசத்துக்குத் தாளித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அங்கிட்டு நின்று சத்தம் போட்டாள்.

"ஏத்தா, கடுகு வெடிக்குது! ஒங்க வீட்டு ஆத்தாவுக்கு ரசம் கேக்குதாக்கும்?"

"கை தவறிருச்சுக்கா."

"தலைக்குத் தண்ணி எப்பத்தான் ஊத்துவீக? ஆத்தா ஒங்க வீட்டுலயே குடியேறிட்டாளா?"

அம்மை இறங்கினால்தான் தலைக்கு ஊற்றுவோம். போடாத அம்மை எங்கே இறங்க? அடுப்பை அணைத்தேன்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அடிச்சவங்க அதே டீக்கடையிலதான் உக்காந்திருக்காங்க. நான் எதுக்கும்மா ஒளியணும்?"

அவள் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத் திரும்ப இடம் இல்லை.

மறுநாள் காலையில் நானும் மகளும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவள் தலையில் துப்பட்டாவைப் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் அந்த அக்கா நின்றாள்.

"தண்ணி ஊத்தாமப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்குட்டுத்தா?"

கோயிலுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட, பெரியம்மா. எனக்கு அம்மை எல்லாம் இல்ல. அப்பாவ அடிச்சதப் பாத்ததுலேருந்து தூக்கம் வரல. பயமா இருக்கு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு நகர்ந்து, என் மகளுக்கு நிழலில் இடம் விட்டாள்.

நான் பஸ் வரும் வரை வெயிலிலேயே நின்றேன்.