வால்டாவின் இரண்டாவது கிதார்

மே மாதம் பிறந்துவிட்டால் போஹோல் தீவில் தினம் ஏதாவது ஓர் ஊரில் திருவிழா. காலையில் பூசை, மதியம் வீட்டுக்கு வீடு விருந்து, சாயங்காலம் கூடைப்பந்து மைதானத்தில் மேடை. லோயே ஊர்க்காரர் மனோங் பாப்லிங்கின், அதாவது பாப்லிங் அண்ணனின், பாட்டுக் குழுவுக்கு அந்த மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தக் குழுவில் கிதார் வாசிப்பவள் வால்டா. முழுப்பெயர் ரொமுவால்டா; நாற்பத்தாறு வயது. மற்ற மாதங்களில் திரைச்சீலையும் கல்யாண உடுப்பும் தைப்பவள். மேடையில் அவள் முகத்தைப் பார்த்தால் வங்கியில் வரிசையில் நிற்பவள் மாதிரி இருக்கும். விரல்கள் மட்டும் தந்திமேல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷத்து முதல் திருவிழாவிலேயே அவளுடைய சிவப்பு மின்சாரக் கிதார் காலை வாரிவிட்டது. பாட்டின் நடுவில், கூட்டம் ஆட எழுந்த நேரம், சத்தம் நின்றுபோனது. வால்டா விரலை நிறுத்தவில்லை. ஊமைக் கிதாரை முழுப் பாட்டுக்கும் வாசித்து முடித்தாள்.

மேடையை விட்டு இறங்கியதும் பாப்லிங் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு நீ கிதார் வாசிச்சியா, கிதாருக்கு விசிறி விட்டியா?"

"உள்ள ஒயரு விட்டுப்போச்சு, மனோங்."

"போன வருஷம் எனக்குத் தொண்டை போச்சே, அடுத்த நாளே மாத்து ஆளை நிறுத்தலையா நான்?"

"நிறுத்தினீங்க. அவன் உங்களைவிட நல்லா பாடறான்னு அதுக்கு அடுத்த நாளே அனுப்பிட்டீங்க."

குழுவே சிரித்தது. பாப்லிங்கும் சிரித்தார். ஆனால் ஜீப்பில் ஏறும்போது அவள் தோளைத் தொட்டு, "இன்னொண்ணு வாங்கி வெச்சுக்க, வால்டா. நம்மளை நம்பித்தான் அவங்க மேடை போடறாங்க" என்றார்.

அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. சிவப்புக் கிதாரின் ஒயரைப் பற்றவைத்துவிடலாம். ஆனால் இனி அதை நம்பித் தனியாக மேடை ஏற முடியாது.

டாக்பிலாரான் நகரத்துக் கடைகளில் கண்ணுக்குப் பிடித்தது கைக்கு எட்டவில்லை. கடைசியில் தைக்கத் துணி கொடுக்க வந்த ஒருத்தி சொல்லி, எடித்தா என்பவளின் வீட்டுக்குப் போனாள். எடித்தாவின் புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவன். கரோக்கே பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்த கருநீலக் கிதாரை அவள் தூசி தட்டி எடுத்தபடியே, வால்டாவை 'மனாங்', அதாவது அக்கா, என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

"லீவுல வந்தப்ப கத்துக்கறேன்னு வாங்கினார், மனாங். நாலு பாட்டுல முதல் வரி மட்டும் வந்துச்சு. அந்த நாலு வரியையும் ரெண்டு மாசம் வாசிச்சார். அவர் திரும்பக் கப்பலேறின அன்னிக்கு நான் அழுதேன். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

வால்டா கிதாரின் கழுத்தைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து நீளவாக்கில் பார்த்தாள். வில் மாதிரி முன்னால் வளைந்திருந்தது. தந்திகள் துருப்பிடித்து எழும்பி நின்றன. கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டினால் கட்டுகளைப் பிரிக்கும் பிரெட்டுக் கம்பிகளின் முனை பிறாண்டியது. ஆனால் மரம் எங்கும் விரியவில்லை, தந்தியை இறுக்கும் முறுக்காணிகள் வழுக்காமல் நின்றன. மடியில் வைத்துத் தட்டியபோது அதன் உடம்பு முழுக்க ஒரே மாதிரி அதிர்ந்தது.

"இது பேசற நிலையில இல்லையே, எடித்தா."

"அதான் மனாங் விக்கறேன்."

புதிதில் பாதி விலைக்கும் கீழே படிந்தது. எடித்தா தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய களமாய் ஒரு பொட்டலமும் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கிதார் போனதில் அவளுக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்று தோன்றியது.

வால்டாவின் புருஷன் அர்செனியோ மோட்டார் சைக்கிள் மெக்கானிக். சாப்பாட்டு மேசையில் கிடந்த கிதாரைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "சோறு எங்க வெப்ப?"

"மடில வெச்சுச் சாப்பிடு. உன் ஃபில்லர் தகடை எடுத்துட்டு வா."

"வால்வு இடைவெளி பாக்கற தகடு அது."

"கழுத்துக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியையும் அதுல பாக்கலாம்."

அவன் பட்டறைக்குப் போய் எடுத்து வந்தான். முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தாலும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். துருத்தந்திகளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் சாவியால் கால் சுற்று இறுக்கி அப்படியே விட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றான் அர்செனியோ.

"மரம் ஒத்துக்க நேரம் குடுக்கணும். ஒரேயடியா முறுக்கினா உடைஞ்சிரும்."

"கல்யாணமான புதுசுல எங்கிட்டயும் இதைச் சொல்லியிருக்கலாம் நீ."

மறுநாள் காலையில் மறுபடி கால் சுற்று. வளைவு ஏறக்குறைய நேராகிவிட்டது. மெல்லிய தகடு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது. பிரெட்டு முனைகளை அவள் சின்ன அரத்தால் ஒவ்வொன்றாக மழுக்கினாள். ஆனால் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பிளாஸ்டிக் பட்டை தொல்லை கொடுத்தது. அதில் வெட்டியிருந்த காடிகள் ஆழமில்லாததால் முதல் கட்டில் அழுத்தினாலே சுருதி ஏறிவிட்டது. அந்தக் காடிகளை அறுக்கும் அரம் வாங்கப் போனால் கிதாரின் விலை ஆகிவிடும்.

அர்செனியோ கொஞ்ச நேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கார்புரேட்டரின் ஓட்டைகளைச் சுத்தம் செய்யும் சொரசொரப்புக் கம்பிக் கொத்தை மேசையில் வைத்தான். முடி மாதிரி ஒன்று, ஈர்க்குச்சி மாதிரி ஒன்று என்று வகைவகையாக இருந்தன. ஒவ்வொரு தந்திக்கும் பொருத்தமான கம்பியை அவன் தேர்ந்து கொடுக்க, அவள் இரண்டு இழுப்பு இழுத்து, சுருதி பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு இழுத்தாள். ஒரு தந்தியின் காடி மட்டும் கொஞ்சம் ஆழமாகிவிட, அதில் பிளாஸ்டிக் தூளையும் பசையையும் சேர்த்து அடைத்து முதலிலிருந்து தொடங்கினாள். சமையல் இல்லாததால் இருவரும் களமாயையே சாப்பிட்டார்கள்.

கடைசியாக, விரல் வைக்காத தந்தியின் சுருதியும் பன்னிரண்டாம் கட்டின் சுருதியும் ஒத்துப்போகும்வரை, அடிப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பாலத்துக் கட்டைகளைத் திருப்புளியால் முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஒரு முழுப் பாட்டை வாசித்தாள். அர்செனியோ கைத்துணியால் தகடுகளைத் துடைத்து உறையில் போட்டான். பட்டறைக்குப் போகும்போது அந்தப் பாட்டையே சீட்டியடித்துக்கொண்டு போனான்.

டிமியாவ் ஊர்த் திருவிழாவுக்கு வால்டா இரண்டு கிதாரையும் கொண்டுபோனாள்; அர்செனியோவும் கூட வந்தான். அன்று மேடையில் இரண்டு குழுக்கள். முதலில் வாசிக்க வேண்டியது மனோங் சிப்ரியானோவின் குழு. அவர் தொங்கிய முகத்தோடு பாப்லிங்கைத் தேடி வந்தார். அவருடைய கிதார் ஜீப்பின் கூரையிலிருந்து விழுந்து கழுத்து ஒடிந்துவிட்டது.

வால்டாவுக்கு அவரைத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் அவர் குழுவில் இடம் கேட்டுப் போனபோது, கிதாரைத் தொடச் சொல்லாமலே, "பாடுவியா? ஆடுவியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டவர். அவருக்கு அது நினைவிருப்பதாகத் தெரியவில்லை. ஒயர் பற்றவைத்த சிவப்புக் கிதாரைக் கொடுத்தனுப்பலாமா என்று ஒரு கணம் மனசு கேட்டது. அது பாட்டு நடுவில் நின்றால் நிற்கட்டும். பிறகு மேடைக்கு முன்னால் சின்னக் குழந்தைகளோடு இடம் பிடித்து உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். கருநீலத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கத்துக்கற பசங்க வாசிக்கறது இல்ல?"

"கத்துக்கிட்டவங்களும் வாசிக்கலாம், மனோங். முறுக்காணில கை வெக்காதீங்க. சுருதி சேத்திருக்கு."

இத்தனை வருஷத்தில் திருவிழாக் கூட்டத்தோடு உட்கார்ந்து வால்டா பாட்டு கேட்டதில்லை. அன்று பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஹும்பா என்ற பன்றிக்கறிக் குழம்பும் சோறுமாக, அர்செனியோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிப்ரியானோ முதல் பாட்டைச் சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தார். பாதியில் அவர் தோள் தளர்ந்தது. இரண்டாம் பாட்டில் கழுத்தின் கோடிவரை விரலை ஏற்றி ஒரு நீண்ட இழுப்பு இழுத்தார். சுருதி பிசகாமல் வந்து நின்றது. வால்டா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"சாப்பிடு, ஆறிப்போகுது" என்றான் அர்செனியோ.

"இரு. மூணாவது தந்தி சத்தம் கொஞ்சம் முன்னால நிக்குது."

"எனக்கு அவரு தொப்பைதான் முன்னால நிக்குது."

வாசித்து முடித்ததும் சிப்ரியானோ நேராக அவளிடம் வந்தார். "எந்தக் கடையில சரி பண்ணினே? செபூ டவுன்லயா?"

"எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை."

"எனக்கே குடுத்துரேன். கேக்கறதைத் தர்றேன்."

"இது விக்கறதுக்கு இல்ல. நீங்க ஒண்ணு வாங்கிட்டு வாங்க, பாத்துத் தர்றேன்." தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "முன்னாடி ஒருவாட்டி உங்க குழுவுல சேர வந்தேன், மனோங். ஆடத் தெரியுமான்னு கேட்டீங்க."

அவர் யோசித்தார். நினைவு வந்ததா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. "என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன். தெரியாதுதான்."

சிப்ரியானோ சட்டை நுனியால் தந்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவசரமில்லாமல் துடைத்தார். "வாசிக்கச் சொல்லியிருக்கணும் நான்" என்றார். கிதாரை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவள் தலையசைத்து வாங்கிக்கொண்டாள். மூன்றாம் தந்திக்குக் கீழே அதன் சத்தத்தை வாங்கும் காந்தத்தை அரைச் சுற்று இறக்கினாள். சிவப்பை மாட்டிக்கொண்டு, கருநீலத்தை எட்டும் தூரத்தில் சாய்த்து வைத்துவிட்டு மேடையில் நின்றாள். நாலாவது பாட்டில் சிவப்பின் மெல்லிய தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. பாப்லிங் ஒரு வரி பாடி முடிப்பதற்குள் கிதார் மாறிவிட்டது. அடுத்த வரிக்கு வாசிப்பு வந்து சேர்ந்துகொண்டது. முன்வரிசைப் பெண்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

பாட்டு முடிந்து தண்ணீர் குடிக்கத் திரும்பிய பாப்லிங் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வால்டா, உன் கிதார் எப்ப நீலமாச்சு?"

"நீங்க கண்ணை மூடிட்டுப் பாடினீங்களே, அப்ப" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டின் முதல் சுரத்தை அவருக்கு எடுத்துக்கொடுத்தாள்.