மஹாலாவின் கனடா மூட்டை

காலையில் அவிழ்த்த மூட்டையை மஹாலா மறுபடியும் கட்டுகிறாள். கம்பளி, லெவினின் நல்ல சட்டை, இரண்டு சோளரொட்டி. முடிச்சை இறுக்கியதும் அதன் மேலேயே உட்கார்ந்து யோசிக்கிறாள். ராத்திரி மனசு மாறி அவிழ்க்கும்போது ரொட்டி நசுங்கியிருக்கும். அந்த வீட்டில் நசுங்காத ரொட்டியை லெவின் சாப்பிட்டு வெகுநாளாகிறது.

மேரிலாந்துப் புகையிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவள் அவள். இங்கே பென்சில்வேனியாவில் அடிமைத்தனம் இல்லை. ஆனால் ஓடிவந்தவர்களை இங்கேயும் வந்து பிடித்துப் போகலாம் என்று புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். கனடாவுக்குப் போய்விட்டால் எந்த எஜமானின் கையும் எட்டாது. கணவன் லெவின் இங்கேயே சுதந்திரமாகப் பிறந்தவன். அவனை யாரும் தேடவில்லை.

பண்ணை வீடுகளுக்குத் துணி வெளுத்து இஸ்திரி போடுகிறாள். கைக்குக் குழப்பமே கிடையாது. கன்னத்தருகே இரும்பைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிடுவாள். வாய்தான் ஓயாது. "போயிரலாமா? போனா பனியில செத்துருவமே. இருந்தா? இருந்தா இவரு துப்பாக்கியத் தூக்கிருவாரே." வெளுக்கப் போட்டவர்களிடமும் கேட்பாள், கோழியிடமும் கேட்பாள்.

"கோழி என்ன சொல்லுச்சு?" என்பான் லெவின்.

"அதுவும் ஒங்கள மாதிரிதான். வாயத் தொறக்க மாட்டேங்குது."

சுற்றுவட்டாரக் கறுப்பர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஆள்பிடிக்கிறவர்கள் வந்தால் கொம்பு ஊத வேண்டும். காதில் விழுந்தவர்களெல்லாம் துப்பாக்கியோ சோளத்தட்டை வெட்டும் கத்தியோ எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அந்தப் பேச்சு வந்தாலே மஹாலாவுக்கு முகம் வாடிவிடும். "எனக்காக ஒரு ஆம்பள சாவணுமா?" என்பாள். சற்று நேரம் கழித்து, "யாரும் வரலேன்னா அதுக்கும் அழுவேன்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், அவளுடைய எஜமானின் மகன் ஆட்களோடு வந்து பக்கத்து ஊர் விடுதியில் இறங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. வடக்கே கனடாவுக்குக் கிளம்பிய ஊர்க்காரர் நோவா, வண்டியை அவள் வாசலில் நிறுத்தினார்.

"ஏறு தங்கச்சி. யோசிச்சது போதும்."

மூட்டையை வண்டியில் போட்டாள். சக்கரத்தில் ஒரு காலை வைத்தவள், இறங்கி உள்ளே போனாள்.

அடுப்பருகே லெவின் துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தான். துணைக்கு வந்திருந்த பக்கத்துப் பண்ணைக் கூலி யூரையா, துப்பாக்கியை மடியில் வைத்திருந்தான்.

"ஈயம் தீந்துபோச்சு" என்று அவனிடம் சொன்ன லெவின், அவளைப் பார்த்தான். "நீ போ புள்ள. நான் பின்னாலயே வர்றேன்."

"பொய் சொல்றப்ப காதத் தடவுறீங்க."

லெவின் காதிலிருந்து கையை எடுத்தான். யூரையா சிரித்துவிட்டான்.

அவள் யூரையாவிடம் திரும்பினாள். "நான் போயிட்டா நீ வீட்டுக்குப் போயிருவ, இல்ல? சண்ட இருக்காதுல்ல?"

"எங்க மதினி போறது? நானும் மேரிலாந்துலருந்து ஓடியாந்தவந்தான். நீங்க கெடைக்கலேன்னா எவன் கெடைப்பான்னு தேட மாட்டாங்களா?"

இத்தனை நாள் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த மஹாலாவுக்கு, 'நீயும் ஓடிவந்தவனா' என்று யாரிடமும் கேட்கத் தோன்றியதே இல்லை.

வெளியே போனாள். ஏறப்போகிறாள் என்று நோவா கடிவாளத்தைப் பிடித்தார். அவள் மூட்டையைப் பிரித்து, கம்பளிக்குள் சுற்றிவைத்திருந்த ஈயக் குவளையை எடுத்தாள். தோட்டத்தில் சுரைக்குடுக்கையில் தண்ணீர் குடித்தவள், இங்கே வந்து வாங்கிய முதல் கூலியில் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. உள்ளே கொண்டுவந்து, ஈயம் உருக்கும் இரும்புக் கரண்டியில் வைத்தாள்.

"வர்றியா, இல்லியா?" வெளியிலிருந்து நோவா கேட்டார்.

"தெரியலண்ணே. நீங்க கெளம்புங்க" என்றாள் மஹாலா. கரண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குவளையின் கைப்பிடியை ஒரு விறகுக் குச்சியால் உள்ளே அழுத்திக்கொண்டிருந்தாள்.