பதினாலாம் நம்பர் சீட்டு

காலை ஒன்பது இருபது. பெரிய ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு கவுண்டரில் கூட்டம் நெரிகிற நேரம். கம்பிக்குள் நீண்ட கையை நிமிர்ந்து பார்க்காமலே "பேரு?" என்றேன். நிமிர்ந்தால், என் மனைவி பாக்கியம். அவள் தோளில் கைக்குழந்தை. பக்கத்தில் எங்கள் மகள் சுகந்தி. பிரசவமாகிப் பதினோரு நாள். இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றிருந்தாள். குழந்தை சிணுங்கியும் அவள் திரும்பவில்லை.

தலைப்பிரசவத்துக்குச் செல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாலு நாளாகத் தூக்கம் இல்லை. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பகலில் கண்ணயர்ந்தால், பிள்ளை பெற்ற உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று பாக்கியம் அவளை எழுப்பி எழுப்பி உட்காரவைத்தாள். பிரசவமான மூன்றாம் நாளே ஒரு பேச்சு ஆரம்பித்தது. இதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பிள்ளை மாறிவிட்டதாம், நான்தான் ஏட்டில் பேரை மாற்றி எழுதிவிட்டேனாம். அந்த வார்டு ஏடு என் கைக்கே வராது என்று பல தடவை சொன்னேன், அதட்டினேன். தொட்டுப் பார்த்ததில் காய்ச்சல் இல்லை. அதனால் தானாகச் சரியாகிவிடும் என்றிருந்தேன். அன்று நான் வேலைக்குக் கிளம்பியதும், அவள் குழந்தையைக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தறிக்கூடத்தில் வைத்துவிட்டு, "உங்க பிள்ளைய நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லித் திரும்பியிருக்கிறாள்.

பாக்கியம் கம்பியோடு வாயை வைத்து, "பதினாலுக்கு எழுதுங்க" என்றாள்.

பதினாலாம் நம்பர் அறை மனநலப் பிரிவு. கவுண்டரில் நாங்கள் அதை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. யாராவது கணக்கில் தப்பு விட்டால், "உனக்குப் பதினாலுதான் போடணும்" என்போம். அதிகம் சொன்னவன் நான்.

வரிசையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தால் சம்பந்தி வீடு வரை போய்விடும். சுகந்தியைக் கொடுத்திருந்தது உசிலம்பட்டிப் பக்கம். பதினாலுக்குப் போன பெண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் போன புருஷன்மாரை நான் பார்த்திருக்கிறேன். மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற ஒரே நினைப்புதான் மனதில் இருந்தது. 'லட்சுமி, 22, பொது மருத்துவம்' என்று எழுதி நீட்டினேன்.

சீட்டை வாங்கியது சுகந்தி. பத்தாவது வரை படித்தவள். நிதானமாக வாசித்தாள்.

"பாத்தியாம்மா? அப்பா பேர மாத்தித்தான் எழுதுறாரு."

அழவில்லை. போட்ட கணக்குக்கு விடை சரியாக வந்த பிள்ளையின் குரல் அது. அவளுடைய சந்தேகத்துக்கு என் கையெழுத்திலேயே சாட்சி கொடுத்திருந்தேன்.

அடுத்த கவுண்டரில் இருந்த ஜமால், கோரிப்பாளையத்துக்காரர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, எந்திரிங்க. நான் எழுதித் தாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, 'சுகந்தி, க/பெ பாண்டி' என்று எழுதி, ஊரையும் போட்டு, பதினாலு முத்திரையைக் குத்தினேன். ஏட்டிலும் அதையே திருத்தி எழுதினேன். வரிசை முழுக்கக் கேட்கும்படி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

நானும் கூடப் போனேன். பதினாலில் இருந்த லேடி டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை நாளா தூங்கலம்மா?" என்பதுதான். அந்தக் கேள்வியை வீட்டில் நாங்கள் யாரும் அவளிடம் கேட்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"பிரசவம் ஆன சில பேருக்கு இப்படி வரும். அவ தப்பும் இல்ல, உங்க தப்பும் இல்ல. குணமாகும். ஆனா குழந்தையையும் இவளையும் ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க."

அன்றே வார்டில் சேர்த்தார்கள். பாக்கியம் குழந்தையோடு கூடவே இருந்தாள். மருந்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டாக்டர் தினமும் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிள்ளை மாறிய கதையை முழுக்கச் சொல்லவிடுவார். எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்: மறுத்துப் பேச வேண்டாம், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டேன். "ரொம்பப்பா" என்றாள். அந்தப் பதினோரு நாளில் நான் அவளோடு வாதாடியிருக்கிறேனே தவிர, பேசவில்லை.

அவள் தேறிவர இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் தானாகவே கை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான், அந்த வயதுப் பெண் யாராவது கம்பிக்கு வெளியே வந்து நின்றால், பேனா சற்று நேரம் நகர மறுக்கிறது.

புதிதாகச் சீட்டு எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதினாலு என்று சிரிக்காதீர்கள். நாம் சிரிப்பது வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கிறது. அதைக் கேட்டுத்தான் பேரை மாற்றிச் சொல்கிறார்கள், வேறு ஓ.பி. கேட்கிறார்கள், இல்லாவிட்டால் வராமலே இருந்துவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிற பெண் எந்த ஓ.பி. கேட்டாலும், தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சீட்டைக் கொடுங்கள்.

இவ்வளவு சொல்கிற நான், சேர்த்த அன்று மறுபடியும் ஒரு வேலை செய்தேன். வீட்டுக்காரருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உசிலம்பட்டி பஸ் கண்டக்டரிடம் மருமகனுக்குத் துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பினேன். 'சுகந்தி ஆஸ்பத்திரியில். வரவும்.' எந்த வார்டு என்று எழுதவில்லை. வாசலிலேயே மறித்து, ரத்தக்குறைவு என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

மறுநாள் பகல் முழுக்க மெயின் கேட்டில் நின்றேன். மாப்பிள்ளை வரவில்லை. நான் பயந்தபடியே ஆகிவிட்டது என்று மாலை நாலு மணிக்கு வார்டுக்குத் திரும்பினேன்.

சுகந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாண்டி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. பின்கேட் வழியாக வந்திருக்கிறார்.

"ரத்தக்குறைவுதான் மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையமர்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க மாமா, இப்பத்தான் தூங்குறா. கவுண்டர்ல சுகந்தின்னு கேட்டேன், ஏட்டப் பாத்து, பதினாலு, இந்த வார்டுன்னு சொன்னாக. பக்கத்துலயே எம்பேரும் இருந்துச்சு."