பானை பிடித்த கை

வேங்கிக்கால் உணவுத் திருவிழாவில் கேழ்வரகு வேகும் வாசனை என்னை நிறுத்தியது. ஒரு பெண் களி கிண்ட, அவள் கணவர் பானை ஆடாமல் கவைக்கோலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. "இன்னா மனுசன்யா நீ, பானை ஆடுது பாரு!" என்பாள் அம்மா. "நீ ஆடுற, அதுவும் ஆடுது," என்பார்.

அப்பா இறந்தபின் அம்மா முதல்முறை களி கிண்டியபோது பானையை நான் பிடித்தேன். அம்மா நிமிராமலே, "இன்னா மனுசன்யா நீ, ஆடுது பாரு," என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். துடுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் களி கிண்டவில்லை.

"சூடா இருக்குது, சாப்பிடுங்கண்ணா," என்று அந்தப் பெண் ஓர் உருண்டையை நீட்டினாள். வீட்டிலிருக்கும் அம்மாவுக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்ல நினைத்தேன். சொல்லாமலே வந்துவிட்டேன்.