தொட்டிக்குள் உப்பு

கடலுக்குப் பயப்படாத ஊர் என்று வல்வெட்டித்துறைக்காரர் நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வோம். என் பெரியம்மாவின் மகள் துஷாந்தினி மட்டும் அந்தக் கணக்கில் சேரமாட்டாள். நாய்க்குப் பயம், பல் வைத்தியருக்குப் பயம், கைத்தொலைபேசியில் தெரியாத இலக்கம் வந்தால் அதற்கும் பயம். சீருடை போட்டவர் எதிரே வந்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே "ஓம்" என்றுவிடுவாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். சோதனைச் சாவடிக் காலத்தில் பிள்ளை வளர்த்த பெரியம்மா, என்ன கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிடு என்றுதான் படிப்பித்திருந்தா.

இப்படிப்பட்டவள் யாழ்ப்பாண நகரில் ஒரு நூதனசாலையில், பழம்பொருட்களைப் பழுதாகாமல் காக்கும் பயிற்சிக்குச் சேர்ந்தபோது நாங்கள் சிரித்தோம். ஆனால் தொட்டால் உடைகிற சாமான்களுக்குப் பயந்த கைதான் பொருத்தம் போலும். பயிற்சி அதிகாரி கிறிஸ்ரோபர் அவளிடமே அந்தப் பலகையை ஒப்படைத்தார்.

பழைய பாய்க்கப்பல் ஒன்றின் பலகை அது. எங்கள் ஊர்க்காரரின் வலையில் அகப்பட்டது. அதன் ஒரு முனையில் தாமரை செதுக்கியிருந்தது. பல காலம் கடலுக்கு அடியில் கிடந்ததால் ஊறிய பாண் மாதிரி மெதுமெதுவென்று இருந்தது. உள்ளே ஏறிய உப்பை முழுதாக வெளியேற்றாமல் காயவிட்டால், உப்பு கட்டிபட்டு மரத்தை உள்ளிருந்தே பிளந்துவிடும். அதனால் பின்பக்கக் கொட்டிலில் பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில் சுத்தமான தண்ணீர் விட்டு, பலகையை அதற்குள் கிடத்தியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால், கொழும்பிலிருந்து பெரிய போத்தல்களில் தண்ணீர் வரும். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கருவியை விட்டு அளப்பதும், தண்ணீர் மாற்றுவதும் துஷாந்தினியின் வேலை. மாதங்கள் போகப் போக அளவு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை கிறிஸ்ரோபர் வந்து பார்ப்பார், சரி என்றால் மறுநாள் காயவைக்கத் தொடங்குவார் என்று முடிவானது.

அந்தக் கிழமை திங்கட்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மாரிகாலம், எங்கும் டெங்கு. சிரட்டையில் தண்ணீர் நின்றாலும் வழக்கு. கொட்டிலுக்குள் வந்தவர் தொட்டியின் மூடி வெடித்திருப்பதைக் கண்டு, டோர்ச்சை அடித்துப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"உதுக்குள்ளை என்ன பிள்ளை வளர்க்கிறியள், நுளம்போ?" என்றார். "நாளைக்கும் வருவன். ஒரு புழு கிடந்தாலும் வழக்குத்தான்."

அவள் "ஓம் ஐயா" என்றாள். பலகை, பயிற்சி, கொழும்புத் தண்ணீர் ஒன்றும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்த மனிதர் தன் வேலையைத்தான் செய்தார். ஆனாலும் எனக்கு அவர்மேல் இன்றும் கோபம்தான்.

கொட்டிலில் ஒருமுறை மாற்றக் காணும் அளவுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் இருந்தது. மாற்றும் நாள் வருமுன் கிறிஸ்ரோபரைக் கேட்காமல் அதை எடுக்கப் பயம். கேட்கவோ அதைவிடப் பயம், மூடி வெடித்ததை ஏன் முதலே சொல்லவில்லை என்பாரே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்போது கை தன்பாட்டில் ஒரு வழி கண்டது. எங்கள் வீடுகளில் எறும்பு ஏறாமலிருக்க அலுமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்போம். அதில் நுளம்பு வராமலிருக்க உப்புப் போடுவோம். துஷாந்தினி சந்திக் கடைக்கு ஓடிப்போய்க் கல்லுப்பு வாங்கிவந்து, பை பையாகத் தொட்டிக்குள் கொட்டினாள்.

மறுநாள் ஒரு புழுவும் இல்லை. பரிசோதகர் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை பின்னேரம் வழக்கம்போல் கருவியைத் தண்ணீருக்குள் விட்டாள். இலக்கம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் தான் செய்த வேலை அவளுக்கு உறைத்தது. மாதக்கணக்காக எதை வெளியே எடுத்தாளோ, அதையே தன் கையால் அள்ளிப் போட்டிருக்கிறாள். வாசலில் யாரோ நடந்த சத்தம் கேட்டு, கருவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். யாரும் வரவில்லை.

தப்பவும் வழி இருந்தது. இருக்கிற இரண்டு போத்தலையும் விட்டுத் தண்ணீரை மாற்றினால் அளவு நல்லதாகக் காட்டும். கிறிஸ்ரோபருக்கு ஒன்றும் தெரியவராது. ஆனால் மரம் குடித்த உப்பு மரத்துக்குள்ளேயே இருக்கும். சனிக்கிழமை காயவைப்பார்கள், பிறகு ஒருநாள் அந்தத் தாமரை நடுவால் பிளக்கும். சொன்னாலோ அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொட்டிக்கு முன்னால் நின்று கைத்தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். விரல் மாறி முதலில் பெரியம்மாவுக்கு அழைப்புப் போய்விட்டது. அதை வெட்டிவிட்டுக் கிறிஸ்ரோபரை அழைத்தாள்.

"சேர், நான் தொட்டிக்குள்ளை உப்புப் போட்டிட்டன்."

"உப்போ?"

"ஓம் சேர். நுளம்புக்கு."

அவர் எப்போது, எவ்வளவு என்று கேட்டார். சொன்னாள்.

"தண்ணியை மாத்திப்போட்டுப் பேசாமல் இருந்திருந்தா எனக்குத் தெரியவராதே. என்னத்துக்குச் சொன்னனீர்?"

"பலகை வெடிச்சுப்போம் சேர்."

அவர் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"அப்ப இப்பத்தைக்குக் காயவைக்கேலாது. முதலிலையிருந்து தொடங்குவம். இருக்கிற ரெண்டு போத்தலையும் இப்ப மாத்தி விடும். நான் நாளைக்கு இன்னும் கொண்டு வாறன். மூடிக்கும் ஏதாவது செய்வம்."

அவர் ஏசவில்லை, வீட்டுக்கு அனுப்பவுமில்லை. 'தொடங்குவம்' என்ற சொல்லில் தானும் இருக்கிறாளா என்று கேட்க அவளுக்கு அப்போதும் பயம். உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். புதுத் தண்ணீரைப் பலகையில் அடிபடாமல் ஓரமாக மெல்ல ஊற்றினாள். இரண்டாவது போத்தல் முடியும்போது அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. கண்ணீர் தொட்டிக்குள் விழாதபடி சட்டென்று பின்னால் தள்ளி நின்று அழுதாள்.