ஸ்டெல்லாவின் போனில் திறக்காத தளம்

ஜெர்மனியில் கூட்டம் முடிந்தால் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுவார்கள். அது பாராட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டு நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். இலங்கையில், இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில், தோட்டத்தை நடத்தும் துரை மேசையைத் தட்டினால், பேசியது போதும், வெளியே போ என்று அர்த்தம். சம்பளத்தை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கப்போன அம்மாவோடு நானும் அப்படி வெளியே வந்திருக்கிறேன்.

அதே தோட்டத்தில் என்னோடு படித்த ஸ்டெல்லா, இப்போது பெண் தொழிலாளர்களின் முறைப்பாடுகளை, அதாவது புகார்களை, சேர்க்கிறாள். பெயர் வெளியே வராமல் அவர்கள் எழுத ஓர் இணையத்தளம் கேட்டாள். அதற்கான சர்வரை இங்கிருந்தே நிறுவினேன். அது தொடங்கவே மறுத்தது. பிழைப்பதிவைப் பார்த்தேன்: பாதுகாப்புச் சான்றிதழ் புதியது, அமைப்புக் கோப்பில் நான் காட்டியிருந்த சாவியோ பழையது. சரியான சாவியைக் காட்டியதும் சர்வர் ஓடியது. என் கணினியில் தளம் திறந்தது.

ஸ்டெல்லா அழைத்தாள். "அடியே, என் போன்ல பாதுகாப்பில்லன்னு செவப்பா வருது. இதப் பாத்தா எவ எழுதுவா? பாதிப் பேரு தோட்டத்து வைஃபையிலதான் வர்றாங்க. ஆபீஸ்காரன் படிச்சிட்டா வேலையே போயிரும்."

பக்கத்து மேசை யூர்கன் தன் கணினியில் திறந்து பார்த்தார். "இங்கே வேலை செய்கிறதே. அவருடைய போன் பழையதாக இருக்கும். சின்னக் கடைதானே, குறியாக்கத்தை நிறுத்திவிடுங்கள். என்ன விற்கிறார்கள், தேயிலையா?"

"எதையும் விற்கவில்லை," என்றேன். "குறியாக்கம்தான் அவர்களுக்குப் பூட்டு. அதை எடுக்கவும் மாட்டேன்."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் இங்கே திறந்தால் போதும் என்ற நினைப்புக்கு நான் தலையாட்டத் தயாரில்லை. கொழுந்து பறிக்கிறவள் கையில் இருக்கும் போனிலும் இது திறந்தே ஆக வேண்டும். கோளாறு போனில் இல்லை. எங்கள் சான்றிதழை வழங்கியவரை நம்பலாம் என்று உறுதிசொல்லும் இடைச் சான்றிதழை நான் சேர்த்திருக்கவில்லை. எங்கள் கணினிகள், வேறு தளங்களில் கிடைத்த அதன் பிரதியை வைத்துச் சமாளித்திருந்தன. அவள் போனிடம் அது இல்லை. முழுச் சங்கிலியும் அடங்கிய கோப்பைக் காட்டி, சர்வரை மறுபடி தொடக்கினேன்.

"செவப்பு போயிருச்சுடீ!" ஸ்டெல்லா கத்தியது யூர்கனுக்கும் கேட்டது.

அன்றே முதல் முறைப்பாடு வந்தது. எழுதியவள் நான் வளர்ந்த லயத்து வரிசை வீடுகளில் இருப்பவளா, தெரியாது. படிக்கும் அனுமதி ஸ்டெல்லாவுக்கு மட்டுமே. எனக்குக்கூட வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக அமைத்தேன். என் ஊர்க்காரி ஒருத்தி அந்தப் பக்கம் வாய் திறந்துவிட்டாள். நான் போட்ட பூட்டுக்கு இந்தப் பக்கம், வெளியே, காவலுக்கு நிற்கிறேன்.