பாவாடை விளிம்பில் நாலு பவுண்டு

சுதந்திரம் வந்த கையோடு சர்க்காருக்கு எங்கள் உடம்பின் மீது கவலை வந்துவிட்டது. ராயபுரம் கடற்கரையை ஒட்டிய எங்கள் பள்ளிக்கூடத்தில் தினமும் காலை அரை மணி நேரம் டிரில். கையைத் தூக்கு, இறக்கு, குதி, குந்து. குப்பத்துப் பெண்ணுக்குக் குந்தி எழுந்திருக்கச் சொல்லித்தர ஒரு வாத்தியார், அவர் கழுத்தில் ஒரு விசில். பிறகு ஆளுக்கு ஒரு ஸ்பூன் சுறா எண்ணெய். என் அப்பா பிடித்துக் கரையில் விற்ற சுறாவின் ஈரல், பாட்டிலில் ஏறி, லேபிள் ஒட்டிக்கொண்டு, என் வாய்க்கே திரும்பி வந்தது.

அதையும் மன்னித்தேன். அடுத்தது பால். கப்பலில் வந்த பவுடரை வெந்நீரில் கரைத்து, கட்டி கட்டியாக மிதக்க மிதக்க ஊற்றுவார்கள். எனக்கு அதுதான் காலைச் சாப்பாடு. மத்தியானம் கஞ்சி வரும்வரை வேறொன்றும் கிடையாது. அந்த ஒரு டம்ளருக்காகத்தான் பள்ளிக்கூடம் போனேன். படிப்பின் மேல் ஆசை என்று இன்று நான் சொன்னால், யாராவது என் வாயிலேயே போடலாம்.

ஒரு நாள் டிரில் வாத்தியார், வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்து பால் குடிக்கும் பிள்ளைகளை எல்லாம் மறுபடியும் எடை போடப்போகிறார் என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டில் சொன்னதும் அம்மா பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

"இத்தினி மாசமா பால ஊத்திகினு கீறான். எட ஏறலன்னா இன்னா நெனப்பான்? இதுக்கு ஊத்துறது தண்டம்னு நிறுத்திடுவான்."

"நான் இன்னாம்மா பண்றது?"

"நீ ஒண்ணியும் பண்ண வாணாம். பாவாடைய கயட்டி குடு."

வலை தண்ணீரில் நிமிர்ந்து நிற்பதற்காக அதன் அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகளைக் கோப்பார்கள். எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு, ஈயக்குண்டு இல்லாத நாள் கிடையாது. அம்மா என் பாவாடை விளிம்பை மடித்து, குண்டுகளை உள்ளே வரிசையாக வைத்து, வலைக்குப் போடும் அதே முடிச்சில் தைத்து இறுக்கினாள். நாலு பவுண்டாவது இருக்கும்.

எடை போட்ட அன்றும் டிரிலை விடவில்லை. நான் குதித்து இறங்கியபின் பாவாடை தனியாக வந்து இறங்கி, கணுக்காலைப் பதம் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தேன்.

டாக்டரம்மா என்னை மிஷினில் ஏற்றினார். ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "பார்த்தீங்களா சார், பால் வேலை செய்யுது!" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளுவதற்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை என்பதை அந்த சந்தோஷத்தில் அவர் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை டம்ளரை நீட்டினேன். வாத்தியார் கரண்டியை எடுக்கவில்லை.

"உனக்குத்தான் உடம்பு தேறிடுச்சேம்மா. தேறினவங்களுக்கு நிறுத்திட்டு, நோஞ்சானுங்களுக்குக் குடுக்கணும்னு உத்தரவு."

பரீட்சையில் பாஸான சேதியைப் போலச் சொன்னார். டிரில் மட்டும் உண்டாம், அது தேறினவர்களுக்கும் நல்லதாம். பசியைவிட அவமானம்தான் அதிகம் எரித்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வந்து, வாத்தியாரின் மேஜைமேல் பாவாடையைப் போட்டு விளிம்பைப் பிரித்தாள். குண்டுகள் உருண்டன.

"நாந்தான் சாமி தெச்சேன். அது எம் பொண்ணு எட இல்ல, வலையோட எட. கொயந்தைக்கு பால குடு."

வாத்தியார் அவசரமாக வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்த சுபாவம்.

"ரிப்போர்ட் மேலே போயிடுச்சும்மா. உன் பொண்ணைப் பத்தித் தனியா ஒரு பாராவே எழுதியிருக்காங்க. இப்போ போய் ஈயம்னு சொன்னா என் வேலை போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆறு மாசத்துல மறுபடி எடை போடுவாங்க. அதுக்குள்ள பொண்ணு இளைச்சுட்டா, லிஸ்ட்ல சேர்த்துடலாம்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதுல இன்னா கஷ்டம் கீது சாமி? பாலத்தான் நிறுத்திட்டியே, தானா எளச்சிடுவா."